எக்ஸ்பெக்ட், ஹோப், எங்கள் அப்பா

அந்துருண்டை வாசனை மூக்கில் பட்டால் இன்றும் எனக்கு இருப்புக் கொள்ளாது. கோலார் தங்க வயலில் அப்பா வேலை பார்த்த சுரங்கத்தை மூடியதும் பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிவந்தோம். அங்கே அந்த வாசனையோடுதான் படுத்து எழுந்தோம், ஏனென்றால் அந்துருண்டை போட்டுக் கயிறு கட்டிக் கொண்டுவந்த தகரப் பெட்டிகளைப் பிரிக்க அப்பா விடவில்லை. காலையில் அம்மா கயிற்றை அவிழ்த்து என் யூனிஃபார்மை எடுப்பாள், அப்பா கையோடு மறுபடி இறுக்கிக் கட்டுவார். "'மைனு' தொறந்துட்டா ஒரே நாள்ல கெளம்பணும்" என்பார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிரந்தர வேலைக்குக் கூப்பிட்டும், சேர்ந்துவிட்டால் திரும்பிப் போக முடியாதென்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். தினக்கூலியில் எத்தனை நாள் ஓட்டுவது என்று அம்மா புழுங்கினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆங்கில வகுப்பில் 'எக்ஸ்பெக்ட்' என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். சுரங்கம் திறக்குமென்று அப்பா எக்ஸ்பெக்ட் செய்வதாக எழுதினேன். மிஸ் அதை அடித்துவிட்டு 'ஹோப்' என்று போட்டார். "நடக்கும்னு நம்பக் காரணம் இருந்தா எக்ஸ்பெக்ட். நடந்தா நல்லாருக்கும்னு மனசு ஏங்கினா ஹோப். மூடின மைனுக்கு ஹோப்தாம்மா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, ஆனாலும் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். அவர் பெட்டிகளைக் காட்டி, "சும்மா ஆசைப்படறவன் இப்டி கட்டி வெப்பானா? நம்மளது எக்ஸ்பெக்ட்தான் கண்ணு" என்றார்.

அடுப்பருகே இருந்த அம்மா திரும்பினாள். "புள்ளைக்கு ஸ்வெட்டர் எடுக்கக்கூட கயிறு அவுக்க வேண்டியிருக்கு. ஆசைய மனசுல வெச்சிக்கங்க, யாரு வேணாம்னா? அதுக்குக் கயிறு எதுக்கு? வேலையில சேந்துடுங்க" என்றாள்.

மறுவாரம் அப்பா ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். பெட்டியிலிருந்த தட்டுகளும் டம்ளர்களும் அலமாரிக்கு வந்தன.

அம்மா இப்போது இல்லை. அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அப்பா வைட்ஃபீல்டில் என் ஃப்ளாட்டில் இருக்கிறார். போன மாதம் அவருடைய சுரங்கத்துக் கூட்டாளி ஒருவர் போன் செய்து, "மறுபடி தொறக்கப் போறாங்களாம்ணே" என்று கத்தியது பக்கத்திலிருந்த எனக்கே கேட்டது. அப்பா, "அப்டியா, சரிப்பா. சாப்ட்டியா?" என்று கேட்டார். பிறகு முட்டிவலியைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு போனை வைத்தார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்பெக்ட் போனாலும் ஹோப் அவருக்குள் பத்திரமாக இருக்கிறது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது எப்போது போனதென்று எனக்குத் தெரியவில்லை, அவரிடம் கேட்கவும் துணிவில்லை.