மூன்றாம் மனையில் வெட்டிய குழி

எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் இன்று வரை ஒரு வீடு கிடையாது. அம்மன் காப்பாற்றினாள், ஊர்க்கூட்டம் காப்பாற்றியது என்று யார் யாரோ பேர் வாங்கிக்கொண்டார்கள். காப்பாற்றியது நான். இந்த வயதில் அடக்கமாக இருந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தி நடந்தது. அனுமந்தன்பட்டிக்குப் பக்கத்து ஊரில்தான் என்னைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமனார் வீட்டில் மூன்று மருமகள்கள், ஒரே அடுப்படி. நான் கடைசி. ஓரகத்திகள் இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் எனக்கென்று ஒரு உப்புச் சட்டி வைக்கக்கூட அந்த வீட்டில் இடமில்லை. தனிக் குடித்தனம் என்ற வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாலே எனக்குத் தித்திக்கும்.

அப்போது நாலு வருஷமாகச் சரியான மழை இல்லை. கண்மாய் பாதி கூட நிறையவில்லை. கண்மாய்க்குள் ஊரை ஒட்டிய தரையான உள்வாய் முழுக்கக் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. அதைப் பார்த்த கம்பத்து ஏலக்காய் வியாபாரி ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த இடத்தைச் சர்க்காரிடம் கேட்டு வாங்கி இருபத்து நாலு மனையாகப் பிரிக்கப்போவதாக ஊருக்குள் வந்து சொன்னார். கையோடு ஒரு வரைபடமும் கொண்டுவந்திருந்தார். அதில் மனைகள் வரிசையாக இருந்தன, தெருவுக்கு இரண்டு பக்கமும் மரம் இருந்தது. கண்மாய் ஒரு ஓரத்தில் நீல மையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

என் வீட்டுக்காரர் முதல் ஆளாகப் போய் மூன்றாம் மனைக்குப் பேர் கொடுத்துவிட்டார். சாயங்காலம் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். முளைக்குச்சி அடித்திருந்தார்கள். நின்று பார்த்தால் மேற்கு மலை முழுசாகத் தெரிந்தது. நான் காலாலேயே கோடு கிழித்து, அடுப்படி இங்கன, அம்மி இங்கன என்று அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுவாரம் ராவுத்தர் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். உத்தமபாளையத்துக்காரர். எங்கள் கண்மாயின் கடைமடையில் அவருக்கு வயல். என் வீட்டுக்காரரும் அவரும் உழவுக்கு மாடு மாற்றிக்கொள்கிற சிநேகிதம், மச்சான் மாப்பிள்ளை என்றுதான் பேசிக்கொள்வார்கள். தாசில்தார் விசாரணைக்கு வரப்போகிறார், மனை போடக்கூடாது என்று நீங்களும் சொல்ல வேண்டும் என்று கேட்டு வந்திருந்தார்.

"மாப்பிள்ளே, சாக்கடை கண்மாய்க்குள்ள வரும், மாடு தண்ணிக்கு எறங்க வழியிருக்காதுன்னு மத்தவுக சொல்றாக. அதை விடு. நல்ல மழை பேஞ்சு தண்ணி உங்க வாசப்படிக்கு வந்தா என்ன செய்வீக? மடையைத் தொறந்து விடுன்னுதான சொல்லுவீக? அப்பறம் தை மாசம் என் வயலுக்குத் தண்ணி யாரு தருவாக?"

"அங்கன தண்ணி எங்க மச்சான் வந்துச்சு?" என்றார் இவர்.

அண்ணன் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் கொடுத்த மோர் அப்படியே இருந்தது.

தண்ணீர் வந்தது இவருக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். மனை ஆசை வந்ததும் இருபத்து நாலு வீட்டுக்கும் சேர்த்து மறதியும் வந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. கல்யாணமான வருஷம் ஐப்பசி மாச அம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி எடுத்துப்போய் நான் கரைத்தது அந்த மூன்றாம் மனைக்குள்தான். அதைத் தெரிந்துகொண்டேதான் காலால் அடுப்படிக்குக் கோடு கிழித்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பங்குனியில் தாசில்தார் வில்வண்டியில் வந்து இறங்கினார். ஊரே உள்வாயில் கூடிவிட்டது. கடைமடைக்காரர்கள் தண்ணீர் இதுவரை வரும் என்றார்கள். மனைக்காரர்கள் ஒருநாளும் வராது என்று சாதித்தார்கள். ராவுத்தர் அண்ணன் பேசப் பேச, வெளியூர்க்காரருக்கு இங்கே என்ன பேச்சு என்று ஒருவன் கத்தினான். தாசில்தாருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஆளுக்கு ஒன்று சொன்னால் நான் எதை எழுத? அத்தாட்சி இருக்கிறதா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெண்கள் கூட்டத்திலிருந்து நான் முன்னால் போனேன். மூத்த ஓரகத்தி முந்தானையைப் பிடித்து இழுத்தாள், உருவிக்கொண்டு போனேன்.

"இருக்குங்கய்யா. நாங்க முளைப்பாரியைத் தண்ணியிலதான் கரைப்போம், காஞ்ச தரையில கொட்ட மாட்டோம். முழங்கால் தண்ணிக்கு மேல உள்ள போகவும் மாட்டோம். சட்டியை அங்கனயே போட்டுட்டு வந்துருவோம். இங்கன வெட்டிப் பாருங்க."

"இங்கன என்றால் எங்கே?"

இருபத்து நாலு மனையில் எதை வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம். நான் மூன்றாம் மனையில், அடுப்படி என்று கோடு கிழித்த இடத்தில் போய் நின்றேன்.

யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரரே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெட்டினார். ஒரு முழம் வரை வெறும் வண்டல். வியாபாரி சிரிக்க ஆரம்பித்தார். இன்னும் நாலு வெட்டு வெட்டியதும் ஓடு தட்டுப்பட்டது. ஒன்று, இரண்டு, பிறகு கூடை கூடையாக வந்தது. எங்கள் பாட்டிமார் காலத்துச் சட்டிகளும் அதில் இருந்திருக்கும்.

"வீட்டில் உடைந்த சட்டியை யாராவது கொட்டியிருப்பார்கள்" என்றார் வியாபாரி.

நான் ஒரு ஓட்டுத் துண்டை எடுத்துத் தாசில்தாரிடம் நீட்டினேன். அடியில் ஐந்து துளை. முளைப்பாரிச் சட்டியில் தண்ணீர் தங்கினால் பயிர் அழுகிவிடும் என்று குயவர் போட்டுத் தருகிற துளை. "இந்தச் சட்டியில இவுக வீட்டுல கொழம்பு வப்பாகளாய்யா?" என்று கேட்டேன். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தாசில்தார் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது நீர் நிற்கும் இடம் என்று அங்கேயே எழுதினார். மனை மனு தள்ளுபடியானது.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதே நேரம் அந்தக் குழியைப் பார்க்க அழுகையும் வந்தது. தனி அடுப்படி எனக்கு அமைய அதற்கப்புறம் பதினோரு வருஷம் ஆயிற்று.

வீட்டுக்குத் திரும்பும் ஒற்றையடிப் பாதையில் இவர் முன்னால் போனார், நான் வழக்கம்போல நாலடி பின்னால். பாதி தூரம் போனதும் திரும்பாமலே கேட்டார்.

"எந்த மனையில வெட்டினாலும் ஓடு வந்திருக்குமே. நம்ம மனையை ஏன் காட்டின?"

"அடுத்தவ அடுப்படியில மம்பட்டியை எறக்கச் சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கு?"

அவர் நின்றார். மண்வெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, பாதையை விட்டு ஓரமாக ஒதுங்கினார்.

"நீ முன்னால நட" என்றார்.