கரையில் நின்ற கிணறு

நேற்றுச் சந்தியில் ஒரு லொறி. புதுக் கிணற்று வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். நிமிர்ந்து நிற்கும் கிணற்றைக் கண்டால் எனக்கு இன்றும் முகம் சுடும். ஏனென்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

இந்திய அகதி முகாமில் அக்காவுக்குக் கலியாணம் பேசியபோது, ஊரில் முசலிக் கடற்கரையில் இருந்த எங்கள் காணியை அப்பா சீதனமாகச் சொன்னார். முகாமில் எல்லாரும் பெரிய காணிக்காரர்கள்தான். அங்கே யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்?

சண்டை முடிந்து திரும்பி வந்தால் காணியைக் காணவில்லை. அது செம்மண் மேடு. மழைத்தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கும், கடல் அடியை அரிக்கும், பிறகு பாளம் பாளமாகச் சரியும். சுற்றிலும் மண் போய், கிணற்றின் கல்லுக்கட்டு மட்டும் மணலில் தனியே நின்றது. தோண்டிய கிணற்றை அண்ணாந்து பார்த்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அது பங்குக் கிணறு. பாதி எங்களுக்கு, பாதி பின்காணிக்கார முஸ்லிம் அயலவர் ராசீக் நானாவுக்கு. எல்லை அதன் நடுவால் போனது. ஆகவே கிணற்றுக்கு இந்தப் பக்கம், கடல் தின்னாமல் மிஞ்சியதெல்லாம் நானாவின் நிலம். சண்டைக் காலத்தில் புத்தளத்துக்குத் துரத்தப்பட்ட அவர் குடும்பம் இன்னும் திரும்பவில்லை. அக்காவைக் கட்டிய அத்தானும் அவர் தாயாரும் சீதனக் காணி பார்க்க வந்து நின்றார்கள். அக்கா தலை நிமிரவில்லை.

"கிணறு எங்கட காணிக்கு முன்பக்கம். பின்னால வளவு கிடக்குது, பாருங்கோ," என்றார் அப்பா.

அடுத்த கிழமையே நானாவின் நிலத்தில் கிளுவைத் தடிகளைக் கதியால்களாக நட்டு வேலி போட்டோம். கதியால் பிடித்தவன் நான். அந்தப் பிசின் மணம் கையைவிட்டுப் போகவே இல்லை.

அக்கா அங்கே வீடு கட்டிக் குடியிருக்கும்போது நானா திரும்பி வந்தார். வேலியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார்.

"அண்ணன், இது நம்மட பங்குக் கிணறெல்லோ?"

அப்பா வேலியில் ஒரு கதியாலை நிமிர்த்தத் தொடங்கினார். "என்ன பங்கு?" என்று அத்தானின் தாயார் உள்ளேயிருந்து வந்தார். அக்கா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். நானா அவள் முகத்தைப் பார்த்தார்.

"தண்ணியில மட்டும்தான் பங்கு, அம்மா. காணி அண்ணன்ட."

தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். படலைவரை கூடப் போக எங்களில் ஒருவருக்கும் முகமில்லை. வெட்கம் கெட்டவர்களுக்கும் வெட்கம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்த மாரியில் கிணறு விழுந்தது. பிறகு வேலி, அதற்குப் பிறகு அக்கா சமைத்த குசினி. அவள் இப்போது பள்ளிமுனையில் வாடகை வீட்டில் இருக்கிறாள்.

"நானாட காணிய நானாட்டயே குடுத்திடு," என்றார் அப்பா, கடைசியாகப் படுத்திருந்தபோது.

நானாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். இதுதான் உங்கள் இடம் என்று காட்டுவதற்குக் கிணறுகூட இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றோம்.