ஊமைப் படத்துக்கு அடித்த முரசு

யுத்த காலம். பந்தல்குடியில் கொட்டகை போட்டிருந்த டூரிங் டாக்கீஸில் ஒலிப்பெட்டி பழுதாகிவிட்டது. மாற்றுச் சாமான் எங்கும் கிடைக்கவில்லை. முதலாளி எப்படியோ பழைய ஊமைப் படம் ஒன்றைத் தேடிப் பிடித்தார். திரையோரம் உட்கார்ந்து வாசிக்க, நாடக செட்டிலிருந்து ஆர்மோனியக்காரரையும் தபேலாக்காரனான என்னையும் கூப்பிட்டார். ஆர்மோனியக்காரர் ஊமைப்படக் காலத்திலேயே வாசித்துப் பழகியவர். சண்டைக்கும் இடிக்கும் அடிக்க எனக்குப் பெரிய முரசு ஒன்றும் தந்தார்கள்.

முதல் ஆட்டத்துக்கு என் மனைவி மூன்று வயது மகளோடு வந்து, பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தாள். திரையில் கோட்டை இடிந்து விழும் நேரம். ஆர்மோனியக்காரர் தலையசைத்தார். நான் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தேன்.

"குண்டு போடுறான், படுங்க" என்று ஒரு பெண் அலறினாள்.

ரங்கூனில் குண்டு விழுந்த கதை தெரியாதவர்கள் அங்கே இல்லை. கூட்டம் மொத்தமாக எழுந்து வாசலுக்கு ஓடியது. ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரித்த நடுத்தட்டி சரிந்தது. "பிள்ளையக் காணோம்" என்று என் மனைவி கத்துவது மட்டும் இருட்டில் கேட்டது.

என் கைதான் என் பிள்ளையை மிதிபட வைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆட்களின் கால்களுக்கிடையே மணலைத் தடவித் தடவித் தவழ்ந்து போனேன்.

ஆபரேட்டர் விளக்கைப் போட்டபோது, ஓரத்தில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். அவள் முதுகெல்லாம் மிதித்த மண். அவளுக்கு அடியில் மகளின் கொலுசுக் கால் தெரிந்தது. அது அசையவில்லை.

"விடுங்கம்மா. அது என் பிள்ளை."

"எந்திரிக்காதீக. இன்னொண்ணு விழும்."

"குண்டு இல்லம்மா, மேளம். நாந்தான் அடிச்சேன்."

அவள் நம்பவில்லை. பிடி இன்னும் இறுகியது. பக்கத்தில் மண்டியிட்ட என் மனைவி, அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "ஏரோப்ளேன் போயிருச்சுக்கா. எல்லாம் போயிருச்சு."

மெல்லக் கை தளர்ந்தது. மகள் வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு வீறிட்டு அழுதாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அந்தப் பெண்ணைத் தேடி அவளுடைய அண்ணன் வந்தார். "பர்மாவுலருந்து நடந்து வந்தவ. தூக்கியாந்த பிள்ளை காட்டு வழியிலயே போயிருச்சு. கோவிச்சுக்கிறாதீக" என்றார். நான்தான் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் முதலாளி சொன்னார்: "கோட்டை விழுகுறப்ப சத்தம் வேணுமப்பா."

"என்னால ஏலாதுங்க" என்றேன். மீதி நாட்களுக்குத் தபேலா மட்டும் வாசித்தேன். அந்த இடம் வரும்போதெல்லாம் தாளம் தவறியது. ஆர்மோனியக்காரர் தன் வாசிப்பை உயர்த்தி அதை மூடிவிடுவார்.