காலி லாரியும் என் புரோட்டானும்

புரோட்டானின் அளவைக் கண்டுபிடிப்பதுதான் வேலை என்று சொன்னால் கவரைப்பேட்டையில் எவனும் பெண் தர மாட்டான். அளக்கும் கருவியைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. வெளிநாட்டில் யாரோ ஹைட்ரஜன் மேல் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சுவார்கள். அவை எந்தக் கோணத்தில் எத்தனை சிதறின என்ற விவரம் சிடியில் வந்து சேரும். சென்னையில், மின்விசிறி சத்தம் மட்டும் போடும் ஓர் அறையில் உட்கார்ந்து, அதை வைத்துப் புரோட்டான் எவ்வளவு பெரிது என்று நான் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஐந்து வருடங்கள் இப்படித்தான் போயின.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அக்கா கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில், லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்த்தாள். ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. வயது வரம்பு இருந்ததால், அந்த வருடத்தை விட்டால் அவளுக்கு வேறு வருடம் கிடையாது. எனக்கு முனைவர் பட்டம் வந்தால் ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருந்தது. நான் வேலைக்குப் போனதும் அவள் ஆலையை விட்டு நின்றுவிடலாம் என்பது எங்கள் ஏற்பாடு. விண்ணப்பத்தைக்கூட நிரப்பி வைத்துவிட்டாள்.

ஆய்வேடு ஒருவழியாக முடிந்தது. அதுவும் சும்மா முடியவில்லை. என் புரோட்டான் உலகத்தில் எல்லோருடைய புரோட்டானையும்விடக் கொஞ்சம் பெரிதாக வந்தது! நெறியாளர் துறை முழுவதற்கும் வடை வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் அக்கா சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கி ஒருத்தன் என்னையே ஏமாத்தப் பாத்தான்டா."

பழைய இரும்போடு வரும் லாரியை முதலில் எடை போடுவார்கள். இறக்கிய பிறகு காலி லாரியை எடை போட்டுக் கழிப்பார்கள். மிச்சம்தான் இரும்பு.

"லோடோட வந்தது ஒரு வண்டி. காலியா வந்தது வேற வண்டி. நம்பர் பிளேட்ட மட்டும் மாத்திக்கினு வந்துகிறான். அப்பறம் கழிச்சி இன்னா பிரயோஜனம்?"

சிரித்தேன். அடுத்த வாய்ச் சோற்றைப் பிசையும்போதுதான் என் காலிக் குடுவை ஞாபகத்துக்கு வந்தது. ஹைட்ரஜனை அலுமினியக் குடுவையில்தான் அடைத்து வைப்பார்கள். எலெக்ட்ரான்கள் அந்த அலுமினியத்திலும் பட்டுச் சிதறும். அதனால் காலிக் குடுவை ஒன்றையும் தனியாக அளந்து கழிப்பது வழக்கம். ஆனால் தடிப்பாக இருந்தால் நிறையச் சிதறும், அளவெடுப்பு சீக்கிரம் முடியும் என்று காலிக் குடுவையை மட்டும் தடித்த அலுமினியத்தில் செய்திருந்தார்கள். தடிமனுக்குத் தகுந்தபடி குறைத்துக்கொண்டுதான் கழிக்க வேண்டும். நான் அப்படியே கழித்துத் தொலைத்திருந்தேன்.

காலையில் முதல் வேலையாகத் திருத்திப் பார்த்தேன். புரோட்டான் மரியாதையாக ஊரார் சொன்ன அளவுக்கு வந்து நின்றது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. நான் நேராக நெறியாளரிடம் போய்க் கொட்டிவிட்டேன். அவர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"மொத்தக் கணக்கையும் திரும்பப் போட்டு, ஆய்வேட்டையும் புதுசா எழுதுங்க. ஒரு வருஷம் ஆகும்," என்றார். வடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வெளிநாட்டுக்காரர்களுக்கும் மின்னஞ்சல் எழுதிப் போட்டுவிட்டு, என்னைப்போல் உத்தமன் உண்டா என்ற நினைப்பில் ரயில் ஏறினேன். பொன்னேரி தாண்டும்போதுதான் அக்காவின் விண்ணப்பம் ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் ஒரு வருடம் என்றால் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"எவனாவது கண்டுபுடிச்சானா?"

"இல்லக்கா. நானாத்தான் சொன்னேன்."

"யார் யாருக்கு சொன்ன?"

நெறியாளர், வெளிநாட்டுக்காரர்கள், அறையில் என்னோடு இருந்த இரண்டு பேர் என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசிப் பெயர் வருவதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது. அக்கா அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"காத்தாலேர்ந்து இத்தினி பேருகிட்ட சொல்லிக்கினு இருந்துகிற," என்றாள். "என்னை ஒரு வார்த்த கேட்டியாடா? கேட்டிருந்தா, போய் சொல்லுடான்னுதான் சொல்லியிருப்பேன்."