மாட்டுப் படம் ஒட்டிய டப்பா

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். வெளியே ஒன்றும் குத்தாது, உள்ளேதான் குத்தும். கூடத்தில் கால் வைத்தால் ஒரு கார், அடுத்த அடியில் கிரேயான், அதற்கும் அடுத்து எந்த பொம்மையிலிருந்து கழன்றது என்றே தெரியாத ஒரு பிளாஸ்டிக் துண்டு. ஒன்றாம் வகுப்புப் போகும் மகளும் எல்.கே.ஜி. போகும் மகனும் சேர்ந்து சற்று நேரத்தில் கொட்டியதை அள்ளி வைக்க எனக்கு அரை நாள் ஆகும். அள்ளி வைத்து நிமிர்ந்தால் முதுகுக்குப் பின்னால் மறுபடி கொட்டியிருக்கும்.

ஒரு நாள் காலையில் தோசைக்கு மாவு அள்ளினேன். கரண்டியில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் ஒரு சிவப்பு பஸ். மாவு சொட்டச் சொட்ட அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். "டவுன் பஸ்ஸும்மா, வெள்ளத்துல மாட்டிக்கிச்சு" என்றான் மகன். என் வீட்டுக்காரர் அதற்குள் இரண்டு தோசை சாப்பிட்டு முடித்திருந்தார். அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மதியமே காந்திபுரம் போய் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களைக் கை கொள்ளாமல் வாங்கி வந்தேன். மகனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதால், பழைய காலண்டரையும் கடை நோட்டீசுகளையும் வெட்டி ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு படம் ஒட்டினேன். கார் படம் ஒட்டியதில் சக்கரம் வைத்ததெல்லாம். பென்சில் படம் ஒட்டியதில் எழுதுகிறதெல்லாம். மாட்டுப் படம் ஒட்டியதில் மிருகங்கள். பள்ளிக்கூடப் பையை மாட்ட அவர்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கொக்கி அடித்தேன். சாக்ஸ் போடக் கதவோரம் ஒரு கூடை. பாதி பொம்மைகளை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினேன், வாரம் ஒரு தடவை மாற்றிக் கொடுக்கலாம் என்று. சட்டம் ஒன்றே ஒன்றுதான். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லாம் அது அது வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

நடக்காது என்றுதான் நினைத்தேன். நடந்தது. பெரியவளைவிட சின்னவன்தான் கண்டிப்பானவனாக ஆகிப்போனான். மாட்டு டப்பாவை டப்பா என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். தாராபுரத்தில் என் அண்ணன் வீட்டில் மாடு கட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அதற்குப் பெயர் கட்டுத்தரை. மாடியில் குடியிருக்கும் என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, கீழே வந்தவர் கூடத்து நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"என்ன அம்மணி, ஊடு மாறி வந்துபோட்டனோன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. டப்பாக்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அண்ணனின் புதுவீட்டுப் புண்ணியார்ச்சனைக்குப் போக வேண்டியிருந்தது. மகளுக்குக் காது குத்தும்போது அண்ணன் போட்ட சங்கிலியை பீரோவிலிருந்து எடுத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, கூடத்தில் துண்டின் மேல் காய வைத்தேன். காஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று வாசலுக்குப் போய்த் திரும்பினால் துண்டு இருக்கிறது, சங்கிலி இல்லை. தாய்மாமன் போட்ட சங்கிலி. போய் இறங்கியதும் அண்ணி முதலில் பார்ப்பது மகளின் கழுத்தைத்தான்.

மெத்தையை உதறினேன். அரிசியைக் கொட்டிப் புடைத்தேன். தெருவில் இருந்த குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டேன். மகளைக் கேட்டேன், தெரியாது என்றாள். மகனைக் கேட்கவே இல்லை. நாலு வயசுக்குப் பொன் எது பொரி எது என்று என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். நான் வரிசையாக அடுக்கி வைத்திருந்த டப்பாக்களையும் தொடவில்லை. அங்கேதான் எல்லாம் அது அது இடத்தில் இருக்கிறதே. தொலைந்த பொருள் கலைந்து கிடக்கிற இடத்தில்தான் இருக்கும் என்பது என் புத்தி.

அந்த நேரத்தில் கருவேப்பிலை கேட்டுக் கீழே வந்து போனது என் ஓரகத்தி ஒருவர்தான். திருடினார் என்று நான் சொல்லவில்லை. "அக்கா, நீங்க வந்தப்ப துண்டு மேல இருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டேன். அரை மணி கழித்து மறுபடி கேட்டேன். சாயங்காலம் மாடியேறிப் போய் மூன்றாவது தடவையும் கேட்டேன். அவர் முகம் மாறியது. "பாக்குலீங்கம்மணி" என்றார். எப்போதும் வா, போ என்று பேசுகிறவர் எனக்கு 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். மரியாதை இப்படிச் சுடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றார்.

"கெளம்பு. ஆனமலைக்குப் போயிட்டு வந்துரலாம்."

எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. பொருள் களவு போனால் எங்கள் பக்கத்தில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போவார்கள். வரமிளகாயை அரைத்து அங்கிருக்கும் நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்தால், எடுத்தவர் உடம்பு எரியும், பொருள் திரும்பி வரும் என்பது நம்பிக்கை. பிள்ளைகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, பொள்ளாச்சி போய் பஸ் மாறிப் போனோம்.

கோயில் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தபோது எனக்குள் இருந்த கோபமெல்லாம் கைக்கு வந்தது. எடுத்தவங்க யாரா இருந்தாலும் எரியட்டும் தாயே என்று அரைத்தேன். 'யாரா இருந்தாலும்' என்று வாய் சொன்னது. மனசில் இருந்தது யார் முகம் என்று அம்மனுக்குத் தெரியும். பக்கத்து அம்மியில் அவரும் அரைத்தார். வாய் முணுமுணுத்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. நெடி என்றுதான் நினைத்தேன்.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு குழாயில் ஒரு முறை, வீட்டில் சோப்புப் போட்டு ஒரு முறை கை கழுவினேன். விளக்கு வைக்கிற நேரம். புழுதி முகமாக வந்து நின்ற மகனை இழுத்து, தண்ணீரைத் தொட்டு முகம் துடைத்துவிட்டேன்.

அவன் வீறிட்டான்.

"எரியுதும்மா, கண்ணு எரியுது" என்று துள்ளினான். கன்னம் சிவந்துபோயிருந்தது. மிளகாய்க் காரம் விரலிலேயே இருந்திருக்கிறது. குழாயடியில் நிற்க வைத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அழுகை கொஞ்சம் அடங்கியதும், "என்ற மாடு வேணும்" என்று தேம்பினான். ஈரக் கையோடு ஓடிப்போய் மாட்டு டப்பாவின் மூடியைத் திறந்தேன்.

யானை, சிங்கம், ஆடு எல்லாம் வரிசையாக நின்றன. மூலையில் வெள்ளை மாடு. அதன் கழுத்தைச் சுற்றி மகளின் சங்கிலி. மறுமுனை டப்பாவின் கைப்பிடித் துளையில் பத்திரமாக மாட்டியிருந்தது.

சங்கிலி கிடைத்த சந்தோஷம் ஒரு துளிகூட வரவில்லை. எடுத்தவர் எரியட்டும் என்று கேட்டேன். கோயிலிலிருந்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எடுத்தவன் அங்கே நின்று எரியுது எரியுது என்கிறான். அதுவும் என் கையாலேயே. தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள், என் வினை என் பிள்ளையைச் சுட்டிருந்தது.

"ஏன் சாமி இங்க கட்டுனே?"

"சாயங்காலமானா மாட்டக் கட்டிரோணுமில்ல. நீதானம்மா சொன்னே, எல்லாம் அது அது எடத்துல இருக்கோணும்னு."

அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மாட்டோடும் சங்கிலியோடும் மாடிக்கு ஓடினேன். கதவைத் திறந்த என் ஓரகத்தியின் பார்வை சங்கிலியில் நிற்கவே இல்லை. "கொழந்தைக்கு என்னாச்சு?" என்று அவனை வாங்கிக்கொண்டார். தேங்காயெண்ணெய் எடுத்து இடது கையால் அவன் கன்னத்தில் தடவினார். நான் உளறி உளறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். சாபம் கொடுத்துட்டு வந்துட்டேங்க்கா, இவனுக்கே கொடுத்துட்டு வந்துட்டேன் என்று அழுதேன்.

"அழுவாத. காலைல நல்லெண்ண வாங்கிட்டுப் போயி ஆத்தாளக் குளுர வெச்சுட்டு வந்துரலாம். கொழந்த செஞ்சதுன்னு அவளுக்குத் தெரியாதா?" என்றவர், பையனின் தலையைக் கோதிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நான் ஆரையும் நெனச்சு அரைக்குல கண்ணு. எடுத்தது நானா இருந்தா என்ற கையே எரியட்டும்னுதான் அரைச்சேன்."

பையன் மேல் படாமல் ஒதுக்கி வைத்திருந்த அவர் வலது உள்ளங்கையைப் பார்த்தேன். மிளகாய் பட்டுச் சிவந்து வீங்கியிருந்தது. பாவிப் பெண்ணே, என்ன காரியம் செய்தாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அந்தக் கையில் தடவினேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு போய் அம்மனுக்கு எண்ணெய் கொடுத்துக் கும்பிட்டு வந்தோம். புண்ணியார்ச்சனையில் மகள் சங்கிலியோடு குதித்துக் குதித்து ஓடினாள். அண்ணி பார்த்துச் சிரித்தார். நான் என் ஓரகத்தியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்த அன்று சாயங்காலம், விளக்கு வைத்ததும் சின்னவன் வழக்கம்போல ஆரம்பித்தான். கார்கள் போயின, பென்சில்கள் போயின. அவன் மாட்டுக்கு இப்போது என் பழைய தலைமுடி ரிப்பன். மகளின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றினேன். என் பீரோவைத் திறக்கவில்லை. மாடியேறிப் போனேன்.

"இது இனி உங்க பீரோவுலயே இருக்கட்டும்ங்க்கா" என்று நீட்டினேன்.

என் ஓரகத்தி அதை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்.

"சாவி அரிசி டப்பாவுல கெடக்கும்" என்றார். "நான் இல்லாதப்ப வேணும்னா, நீயே வந்து எடுத்துக்க."