‘நீங்கதானா அந்த இங்கே?’

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்கு பெர்னதெத் எனக்குப் போன் செய்வார். பதினோரு வருடப் பழக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிறு, எட்டு மணிக்கே அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. “என்னம்மா, இன்னைக்குப் பூசைக்குப் போவலையா? எந்தப் பக்கம் படிக்கப் போறீங்க?” என்றேன். பேசியது அவர் கணவர் அந்துவான். “வாத்தியாரே, பெர்னதெத் போயிட்டா” என்றார். விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது. நான் கேட்ட அசட்டுக் கேள்வி அன்று முழுக்க என் காதிலேயே நின்றது.

நம் கையேட்டுக் குழுவில் பலர் அவரை நேரில் பார்த்ததில்லை. யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஒரு கட்டற்ற கணினி இயங்குதளத்தின் உதவிப் பக்கங்களைச் சம்பளம் இல்லாமல் தமிழாக்குகிற நாம் ஆளுக்கோர் ஊரில் இருக்கிறோம். ஆனால் போனில் அவரிடம் திட்டு வாங்காதவர் நம்மில் யாரும் இல்லை. அதிகம் வாங்கியவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அடக்கம் முடிந்த மறுவாரம் அந்துவான் புதுச்சேரியிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். கையில், கல்லறைக் கல் வெட்டுபவர் கொடுத்த மாதிரித் தாள். “நாலு வரி நீங்கதான் எழுதித் தரணும். கல்லுல வெட்டிட்டா திருத்த முடியாது வாத்தியாரே. தப்பா இருந்துச்சுன்னா அவ என்னைச் சும்மா விடமாட்டா” என்றார். தாளின் முதல் வரி “இங்கே இளைப்பாறுகிறார்” என்று தொடங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கம் நடந்த வீட்டுக்காரர் முன்னால் சிரிப்பதா என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தால், அவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார். ‘இங்கே’ என்ற சொல்லை விரட்டப் பதினோரு வருடம் பாடுபட்டவரின் தலைமாட்டிலேயே ‘இங்கே’யா!

பெர்னதெத் தட்டாஞ்சாவடியில் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் போன் எடுக்கும் வேலையில் இருந்தார். உதவிப் பக்கத்தின் அடியில் மொழிபெயர்த்தவன் என்று என் பெயர் இருந்தது. அதைப் பார்த்து, யார் யாரிடமோ விசாரித்து, என் எண்ணைப் பிடித்துவிட்டார். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை. “நீங்கதானா அந்த இங்கே?” என்றுதான் ஆரம்பித்தார்.

எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலையிலிருந்து ஒரு சூப்பர்வைசர் அவரை அழைத்திருக்கிறார். பிரிண்டர் வேலை செய்யவில்லை. நான் எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிறார். “‘இங்கே சொடுக்கவும்’னு போட்டிருக்கும்மா.” “எங்கண்ணே?” “இங்கதாம்மா!” “இங்கன்னா எங்கண்ணே?” “அட, நீலமா இருக்கேம்மா!” அந்தப் பக்கத்தில் நாலு இடத்தில் நீலமாக ‘இங்கே’ இருந்தது. கால் மணி நேரம் இந்தக் கூத்து நடந்திருக்கிறது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். “மூலத்துல அப்படித்தாம்மா இருக்கு” என்றேன். “மூலத்துல தப்பு இருந்தா, நாமளும் அதே தப்பைப் பண்ணணும்னு வேண்டுதலா?” என்றார். போனை வைத்துவிட்டேன். அரை மணி கழித்து நானே கூப்பிட்டேன். வேறென்ன செய்ய, அவர் சொன்னது சரியாக இருந்து தொலைத்தது.

அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. எந்த நாட்டிலிருந்தோ போன் செய்து, “எங்க இருக்கீங்க?” என்று அம்மா கேட்டால் “இசி, இசி” என்பாராம். பிரெஞ்சில் அதுதான் ‘இங்கே’. அம்மாவுக்குக் கடைசிவரை எந்த ஊர் என்று தெரிந்ததில்லை. இதைச் சொல்லிவிட்டு பெர்னதெத் ஒன்று சொன்னார்: “இங்கன்னா, சொல்றவன் நிக்கிற எடம் வாத்தியாரே. கேக்கறவன் அங்க இல்ல.” நம் குழுவின் விதித்தாளில் முதல் வரியாக இருப்பது இந்த வாக்கியம்தான். நான் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவனில்லை. என் தமிழைக் கேலி செய்யத்தான் ‘வாத்தியாரே’. கடைசியில் அதுவே எனக்குப் பெயராகிவிட்டது.

சரி, திருத்துவோம் என்று உட்கார்ந்தேன். ‘இங்கே’யை எடுத்துவிட்டு, “அச்சுப்பொறியை நிறுவுதல் தொடர்பான மேலதிக வழிகாட்டுதல்களைப் பெறுவதற்கான பக்கம்” என்று இணைப்புக்குப் பெயர் வைத்தேன். அவர் போனிலேயே அதைப் படித்துக் காட்டினார். “மூச்சு வாங்குது. இது லிங்க்கா, கல்யாணப் பத்திரிகையா?” என்றார். பிறகு அவரே சொன்னார்: “அச்சுப்பொறியைச் சேர்ப்பது எப்படி. போதும்ல? பஸ்ஸுல போர்டு எதுக்கு வெச்சிருக்கான்? ‘இங்கே ஏறவும்’னு போர்டு போட்டு ஒரு பஸ் வந்தா ஏறுவீங்களா?” ஏறமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அன்றிலிருந்துதான் ஞாயிறு பத்து மணி. வாரம் ஒரு பக்கம். இணைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படிப்பார்; அது எங்கே கூட்டிப்போகும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். நான் எழுதியதே எனக்குத் தெரியாமல் எத்தனையோ முறை விழித்திருக்கிறேன். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். “எழுதினவருக்கே வழி தெரியல, பாவம் படிக்கிறவன்!” என்று சிரிப்பார்.

ஒரே ஒரு முறை அவர் சிரிக்காமல் பேசினார். இயங்குதளத்தைக் கணினியில் நிறுவும் பக்கத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு இணைப்புகள். இரண்டுக்கும் “மேலும் அறிய” என்றே பெயர். ஒன்று, பழைய கோப்புகளை வைத்துக்கொண்டு நிறுவுவது. மற்றது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவுவது. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் பார்க்க அழகு என்று அப்படியே விட்டிருந்தவன் நான். வைத்திக்குப்பத்தில் ஒரு பெண் தவறான இணைப்பில் நுழைந்து, அங்கே சொன்னபடியே ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறாள். அண்ணன் கல்யாணப் படங்கள் மொத்தமும் போய்விட்டன. கணினியைத் தூக்கிக்கொண்டு பெர்னதெத்தின் கடைக்கு ஓடி வந்து அழுதிருக்கிறாள்.

“அந்தப் பொண்ணு தப்பா படிக்கல வாத்தியாரே. நாமதான் தப்பா எழுதிட்டோம்” என்றார் பெர்னதெத். அந்தப் பக்கத்தில் அவர் கை பட்டதே இல்லை. முழுக்க நான் எழுதியது. அவர் ‘நீங்க’ என்று சொல்லியிருந்தால் நான் வழக்கம்போல் எகிறியிருப்பேன். ‘நாம’ என்றதும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். அன்று மாலைக்குள் இரண்டு இணைப்புகளையும் மாற்றினோம்: “பழைய கோப்புகளை வைத்துக்கொண்டு நிறுவுதல்”, “எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவுதல்”. கடைக்காரர்கள் மல்லுக்கட்டிப் பாதிப் படங்களை மீட்டுக் கொடுத்தார்கள். யார் எழுதிய பக்கம் என்று அந்தப் பெண்ணிடமோ நம் குழுவிடமோ பெர்னதெத் கடைசிவரை சொல்லவில்லை. இப்போது நான் சொல்லிவிட்டேன்.

இனி கல்லுக்கு வருகிறேன். இரண்டு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். “இக்கல்லறையில் இளைப்பாறுபவர்” என்று பார்த்தேன். “இக்கல்லின் கீழ் இறைவனில் துயில் கொள்பவர்” என்று பார்த்தேன். அந்துவானுக்குப் போனில் படித்துக் காட்டினேன். “மூச்சு வாங்குது வாத்தியாரே” என்றார். வீட்டில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் மனிதர்.

மூன்றாம் நாள் மாலை, மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மண்மேட்டின்மேல் மாலைகள் வாடிக் கிடந்தன. பக்கத்தில் அவர் அப்பாவின் கல். அதில் முதல் சொல் ‘இசி’. சொல்தா கடைசியில் இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைப் பழக்கப்படி தாளை வாய்விட்டுப் படித்தேன்: “இங்கே இளைப்பாறுகிறார் பெர்னதெத்.” எங்கே என்ற கேள்வியே எழவில்லை. இதைப் படிக்க வேண்டுமென்றால் ஒருவர் இந்த மண்ணில் வந்துதான் நிற்க வேண்டும். சொல்லும் கல்லும் படிக்கும் ஆளும் ஒரே இடம். அவர் போட்ட விதிப்படியே இந்த ‘இங்கே’ சரியானது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது; அழுகையும் வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டு. எழுதியதை, எதிரே திரை இல்லாத ஒருவருக்குப் படித்துக் காட்டும் பழக்கம் ஒன்று. ஞாயிறு பத்து மணி தொடரும். உங்களில் யாராவது போனை எடுத்தால் போதும். மற்றது, அந்த ‘நாம’. அடுத்தவர் தப்பில் தானும் போய் நின்றுகொள்ளும் அந்தச் சொல் எனக்கு இன்னும் சரளமாக வரவில்லை, பழகுகிறேன்.

அங்கே நின்றபடியே அந்துவானைக் கூப்பிட்டு, முதல் சொல்லை மாற்ற வேண்டாம் என்றேன்.

“‘இங்கே’யேவா? அவ ஒத்துக்குவாளா?”

“ஒத்துக்குவாங்க.”

“எங்கேருந்து பேசறீங்க வாத்தியாரே?”

“இங்கதான்” என்று சொல்லிவிட்டேன். உடனே திருத்திக்கொண்டேன்: “பெர்னதெத் பக்கத்துல.”