சின்னக் காரின் இடப்பக்கச் சீற்

1. வேலைக்கு எடுத்த விதம்

என்னை வேலைக்கு எடுத்தது என் தையலைப் பார்த்து அல்ல, என் உடம்பைப் பார்த்து.

வவுனியா ரவுணில் வாகனங்களுக்குச் சீற் கவர் தைக்கிற கடைக்கு நான் வேலை கேட்டுப் போன அன்று முற்றத்தில் ஒரு சின்னக் கார் நின்றது. நாலு கதவும் திறந்து கிடந்தன. கடையில் வேலை செய்த ஒரு தடித்த அண்ணன் முன் சீற்றுக்கும் பின் சீற்றுக்கும் நடுவில் இறுகிப்போய், வெளியே வரமுடியாமல் ஏசிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து வவுனியாவில் கடை போட்ட முஸ்லிம் மனிதர் அவர்.

"அக்கா, தையலைப் பிறகு பாப்பம். முதல் உதுக்குள்ளை பூந்து அந்தக் கிளிப்பை மாட்டிப்போட்டு வாங்கோ."

பூந்தேன். சீற்றுக்குக் கீழே கவரை இழுத்துப் பிடிக்கிற கம்பி வளையங்கள் பதினொன்றையும் மாட்டிவிட்டு வந்தேன். முதலாளி சிரித்தார். "நாளையிலையிருந்து வாங்கோ" என்றார்.

தடித்த அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் இனி பஸ்ஸுக்குத்தான் தைக்கிறது" என்றார்.

இது நடந்து இருபத்தேழு வருடமாகிறது. இப்போது கண் மங்கிவிட்டது, வெட்டு வேலை மட்டும் செய்கிறேன். கடையில் புதிதாகத் தையல் பழகுகிற பெண்பிள்ளைகள் என் வேலையைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கும். வேலையில் நான் விட்ட பிழையையும் இதிலே எழுதுகிறேன். அதற்காகத்தான் எழுத ஒத்துக்கொண்டேன்.

2. சின்னக் காரை ஏன் விரும்புகிறார்கள்

வான், லொறி, ஓட்டோ எல்லாவற்றுக்கும் தைத்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது சின்னக் கார்தான்.

எங்கள் ரவுண் வீதியைத் தெரியும்தானே. ஒரு பக்கம் மரக்கறி இறக்குகிற லொறி, மறுபக்கம் ஓட்டோ வரிசை, நடுவில் பஸ். அதற்குள் சின்னக் கார் வழுக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு ஓட்டோவுக்கு நடுவில் கிடக்கிற இடத்தில் நிற்பாட்டலாம். ஒரே வெட்டில் திரும்பும். பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில் பெரிய வாகனக்காரர் எல்லாம் சைக்கிளில் வர, சின்னக் கார்க்காரர் கிடைத்த கொஞ்சத்தோடு கிழமை முழுக்க ஓடினார்கள்.

பாங்கில் வேலை செய்கிற பிள்ளைகள், நேர்ஸ்மார், ரீச்சர்மார்தான் கூடுதலாக வாங்குவார்கள். ஆம்பிளைகள் முதலில் நக்கலடிப்பார்கள். "உது காரோ, சவர்க்காரப் பெட்டியோ?" என்பார்கள். ஆறு மாதம் போக, பெண்சாதியிடம் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு அவர்களே ஓடித் திரிவார்கள்.

தைக்கிறவருக்கு மட்டும் அது கஷ்டம். முதலாளி சொல்லுவார்: "சின்னக் காருக்குக் கவர் தைக்கிறது கைப்பிள்ளைக்குச் சட்டை தைக்கிற மாதிரி. துணி கொஞ்சம், வேலை கூட." உண்மைதான். பெரிய வானில் ஒரு விரல் பிழைத்தால் ஒருவருக்கும் தெரியாது. சின்னக் காரில் உடம்பும் சீற்றும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு விரல் பிழைத்தாலும் உடம்புக்குத் தெரியும்.

3. ரீச்சர் வந்தது

சில வருடங்களுக்கு முந்தி, ரவுணுக்குக் கிட்டக் குருமன்காட்டுப் பக்கம் ஒரு ரீச்சர் இருந்தா. பென்சன் எடுத்தவ. அவவின் கணவருக்குக் கிட்னி வருத்தம். செவ்வாயும் வெள்ளியும் ஆசுப்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஓட்டோவில் போனால் குலுக்கும், வானில் ஏறக் கால் தூக்க முடியாது. அதனால் ரீச்சர் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கி, அந்த வயதில் கார் ஓடவும் பழகினா. வீட்டு ஒழுங்கைக்குள் வாசற்படி வரைக்கும் அந்தக் கார் போகும். ஆசுப்பத்திரி வாசலிலும் நெருக்கி நிற்பாட்டிவிட்டு அவரை இறக்கலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆசுப்பத்திரிக்குப் போகிற வழியில் கடையில் நிற்பாட்டினா. ஐயா இடப்பக்கச் சீற்றில் இருந்தார்.

"இந்தச் சீற்றைச் சரிக்கட்டித் தாங்கோ" என்று ரீச்சர் முதலாளியிடம் சொன்னா. "சாய்ஞ்சு இருக்கவும் வேணும், வளைவிலை விழாமலும் இருக்க வேணும். இரண்டு பக்கமும் பிடிச்சுக்கொள்ளுற மாதிரி ஃபோம் வைக்கேலுமோ?"

"அக்கா செய்வா" என்று முதலாளி என்னைக் காட்டினார்.

நான் நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். இப்படிச் சீற்றுக்கு ஆளை இருத்தி முதுகைச் சுற்றி அளக்க வேண்டும். இடுப்பு, விலா, தோள் என்று மூன்று இடம். நான் அளக்கவில்லை. ஆம்பிளை உடம்பில் நாடா போட எனக்கு வெட்கம். ஐயாவின் கை வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்ததைக் கண்டேன். சட்டைப் பொத்தான் இழுபட்டு நின்றதையும் கண்டேன். எப்போதும் இப்படித்தானோ என்று கேட்க வாய் வந்தது.

கேட்கவில்லை. நாங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பூவரசங்குளத்தில் குடியேறின சனம். நான் கதைக்கிற விதம் வேறு மாதிரி இருக்கும். படித்த ஆட்களுக்கு முன்னால் வாய் திறந்தால் சிரிப்பார்களோ என்ற பயம் எனக்கு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

"வேறை ஏதும் பாக்க வேணுமோ?" என்று ரீச்சர் கேட்டா.

"இல்லீங்க ரீச்சர், போதுங்க" என்றேன்.

கண்ணால் பார்த்து ஒரு அளவு எழுதினேன். இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தேன். பார்க்க வடிவாக இருந்தது. முதலாளி போனில் படமும் எடுத்தார்.

4. பின் சீற்றில் இருந்து பார்த்தது

அடுத்த கிழமை ரீச்சர் திரும்ப வந்தா. முகம் வாடியிருந்தது.

"போகேக்கை நல்லா இருக்குதாம். வரேக்கை சரிஞ்சு சரிஞ்சு என்ரை தோளிலை விழுறார். எனக்குக் கியர் மாத்தேலாமல் கிடக்கு. இனி வரமாட்டன் எண்டு பிடிவாதமாய் நிக்கிறார். ஒரு தவணை விட்டாலே ஆபத்து எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், தங்கச்சி."

முதலாளி என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை நீங்களும் கூடப் போய்ப் பாருங்கோ அக்கா."

போனேன். பின் சீற்றில் முழங்காலை மடித்து இருந்தேன். போகும்போது ஐயா ஃபோமுக்குள் அளவாகப் பொருந்தியிருந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாலைந்து மணித்தியாலம் கழித்து அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். நான் வேறு ஆள் என்று நினைத்தேன். உடம்பில் தேங்கியிருந்த தண்ணீர் எல்லாம் எடுத்துவிட்டார்கள். முகம் ஒட்டி, சட்டை தொங்கிக்கொண்டு கிடந்தது. நான் தைத்த சீற்றில் இருத்தினால் இரண்டு பக்கமும் கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

அப்போதுதான் விளங்கியது. நான் எழுதினது போகிற ஐயாவின் அளவு. திரும்பி வருகிற ஐயாவை நான் காணவே இல்லை.

முதல் வளைவிலேயே அவர் தலை சரிந்தது. நான் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வெட்கம் எல்லாம் எங்கே போனதோ தெரியாது. சின்னக் கார் என்றபடியால் என் கை எட்டியது. வான் என்றால் எட்டியிருக்காது.

"ஆர் அது?" என்று ஐயா கண்ணை மூடியபடி கேட்டார்.

"சீற் தைச்ச பிள்ளையப்பா" என்றா ரீச்சர்.

"அப்ப சீற்றுக்குப் பதிலா இவவையே வைச்சுத் தைச்சிருக்கலாம்."

ரீச்சர் சிரிக்கப் பார்த்தா, கண்ணீர்தான் வந்தது. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தா, கார் கொஞ்சம் ஆடியது.

"றோட்டைப் பாரும்" என்றார் ஐயா. பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் போதும். செவ்வாய்க்கிழமை நான் வரேல்லை. அந்த ஊசி நோகிறதைத் தாங்கலாம். இப்பிடிப் பிணம் மாதிரி உருண்டுகொண்டு சந்தைக்கு நடுவாலை வாறதைத்தான் தாங்கேலாது. எல்லாரும் பாக்கினம்."

அன்றைக்கு நான் வாய் திறந்தேன்.

"ஐயா, கார எங்க கடையில விட்டுட்டுப் போங்க. செவ்வாக்கிழமைக்குள்ள சரியா செஞ்சு தாறேங்க."

"சரியா வருமோ?"

"வருங்க."

"சரி. நீ சரியாச் செய்தால் வாறன்" என்றார்.

வீட்டு வாசலில் அவர் சீற்றிலிருந்து எழும்பும் முன், மூன்று இடத்திலும் நாடா போட்டு அளந்தேன். அவர் கையைத் தூக்கித் தந்தார். அவரை இறக்கிவிட்டு, ரீச்சர் காரைக் கடையில் கொண்டுவந்து விட்டா.

5. திங்கட்கிழமை

சனிக்கிழமை நாலு போல்ற்றையும் கழற்றி, சீற்றை மேசைக்கு எடுத்தேன். ஃபோம் இரண்டு பக்கமும் தனித்தனியாக, உள்ளே இழுவைப் பட்டி வைத்து வெட்டினேன். பட்டியை இழுத்தால் ஒடுங்கும், விட்டால் விரியும். போகும்போது ஒரு அளவு, வரும்போது ஒரு அளவு. ஞாயிறு முழுக்கப் பசை காய விட்டேன்.

திங்கள் காலை வந்து பார்த்தால் இடது பக்கம் ஒரு விரல் கூடிவிட்டது. அப்படியே மாட்டியிருக்கலாம். நான் விடவில்லை. தையலைப் பிரித்துத் திரும்ப அடிக்கத் தொடங்கினேன். செவ்வாய்க்குத்தானே வேண்டும், பின்னேரத்துக்குள் முடியும் என்று நினைத்தேன்.

பத்து மணியிருக்கும். முதலாளியின் போன் அடித்தது. அவர் கேட்டபடியே என் மேசையைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, ஐயாவுக்கு மூச்செடுக்கேலாமல் கிடக்காம். ரீச்சர் கார் கேட்கிறா."

கார் முற்றத்தில் நின்றது. இடப்பக்கம் வெறும் தகரம். பின்பக்கம் கால் நீட்ட இடமில்லாத கார், வீங்கின மனிதனை அதற்குள் ஏற்ற முடியாது. கடையிலிருந்த எல்லாரும் ஓடிவந்தார்கள். கவர் இல்லாத சீற்றைத் தூக்கிக்கொண்டுபோய் வைத்து, தடித்த அண்ணன் போல்ற்றை முறுக்கினார். மூன்றாவது போல்ற் ஏறும்போது திரும்பவும் போன் அடித்தது. பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றிவிட்டார்களாம். குலுக்கும் என்று எந்த ஓட்டோவை வேண்டாம் என்றார்களோ, அந்த ஓட்டோவில்தான் அவர் போனார்.

அன்று பின்னேரம் ஆசுப்பத்திரியில் ஐயா முடிந்துபோனார்.

கார் நேரத்துக்குப் போயிருந்தால் தப்பியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் அப்படிச் சொல்லவும் இல்லை. முதல் தரமே நான் சரியாக அளந்திருந்தால் அன்றைக்குக் கார் ரீச்சரின் வீட்டு வாசலில் நின்றிருக்கும். அது மட்டும் எனக்குத் தெரியும்.

செத்த வீட்டுக்குப் போய்ப் பெண்களுக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்தேன். ரீச்சரின் முகத்துக்கு நேரே போகத் தைரியம் இல்லை.

6. ரீச்சர் காரை எடுக்க வந்தது

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு ரீச்சர் வந்தா. நான் சீற்றை முடித்து மாட்டி, மேலே துணி போட்டு மூடி வைத்திருந்தேன். துணியை எடுத்தா. பட்டியை ஒருக்கால் இழுத்துப் பார்த்தா, விட்டுப் பார்த்தா.

"ஏறி இருங்கோ தங்கச்சி" என்றா.

"நானா? வேணாங்க ரீச்சர்."

"இருங்கோ."

அத்தனை வருடத்தில் வாடிக்கையாளர் காரில் நான் முழங்காலில் நின்றிருக்கிறேன், கவிழ்ந்து படுத்திருக்கிறேன். முன் சீற்றில் இருந்ததில்லை. இருந்தேன். ரீச்சர் பட்டியை என் அளவுக்கு இழுத்துவிட்டா. திரும்பி வருகிற ஐயாவும் நானும் ஏறக்குறைய ஒரே பருமன்.

சந்தைப் பக்கத்தால் போனோம். ஒரு லொறி பின்னால் எடுத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் கிடந்த இடைவெளியால் ரீச்சர் லேசாக வெட்டிக்கொண்டு போனா. நல்லாக ஓடப் பழகியிருந்தா. ஆசுப்பத்திரி வாசல் வரை போய், இறங்காமல் திருப்பினா. எந்த வளைவிலும் நான் சரியவில்லை. ஃபோம் என்னை ஆரோ இரண்டு கையாலும் பிடித்திருக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அசையேல்லை" என்றா ரீச்சர்.

நான் பட்டியைத் தொட்டுப் பார்த்தேன்.

கடைக்குக் கிட்ட வந்ததும் காரை ஓரமாக்கி நிற்பாட்டினா. ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி சொன்னா:

"திங்கள் காலமை கஞ்சி குடிக்கேக்கை என்னட்டைக் கேட்டவர், அந்தப் பிள்ளை சீற்றை முடிச்சிருக்குமோ எண்டு. நாளைக்கு உடுக்க வெள்ளைச் சட்டையை ஸ்திரி போடச் சொன்னவர்."

எனக்கு அழுகை வந்தது. அவ என் கையைப் பிடித்துக்கொண்டா. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிள்ளைகள், நான் படித்தது இவ்வளவுதான். வருத்தக்காரருக்குச் சீற் கேட்டு வந்தால் வெறும் சீற்றை அளக்காதேங்கோ. ஆளை அளவுங்கோ. ஆசுப்பத்திரிக்குப் போகும்போது ஒருக்கால், திரும்பி வரும்போது ஒருக்கால். கேட்க வெட்கமாக இருந்தாலும் கேளுங்கோ. நீங்கள் கதைக்கிற விதத்தைக் கேட்டு ஆரும் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நான் அன்றைக்கு 'எப்போதும் இப்படித்தானோ' என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஐயா அந்தச் சீற்றில் ஒரு தரமாவது வீட்டுக்கு வந்திருப்பார்.